சாய்ச்சு நட்ட வெட்டிவேர்

வெட்டிவேர் நடுறதுக்கு முன்னாடி அத நாசம் பண்ணணும். பாவபுண்ணியம் பாக்கிறவனுக்கு அந்த வேலை சரிப்பட்டு வராது. நல்லா வளந்த தூரு ஒண்ணத் தோண்டி எடுத்து, வேர்ல ஒட்டியிருக்கிற மண்ணெல்லாம் கழண்டு விழுற வரைக்கும் கல்லுல அடிக்கணும். அப்புறம் கத்திய நடுமண்டையில இறக்கி ரெண்டாப் பொளக்கணும். அத நாலாக்கி, கையால பிச்சு, மூணு மூணு தண்டாப் பிரிக்கணும். தழைய ஒரு சாண் விட்டுட்டு மிச்சத்த வெட்டிப் போடணும். வேரையும் நாலு விரக்கடை விட்டுட்டு வெட்டிப் போடணும். சாணிய நல்லாக் கரைச்சு அதுல வேர முக்கி எடுத்து, மழை தொடங்கின உடனே நடணும். இம்புட்டு அடியும் வெட்டும் வாங்கின பிறகும் அது பிழைச்சுக்கும். ஒரு தடவ பிடிச்சிருச்சுன்னா ஆளு உயரத்துக்கு மேல வேரு கீழ போயிரும். அப்புறம் அதப் பிடுங்குறதுக்கு நீங்க ஊரையே கூட்டிக்கிட்டு வரணும்.

இத எனக்குச் சொல்லிக் குடுத்தது விவசாயக் கந்தோர்ல, அதான் ஆபீஸ்ல, இருந்து வந்த ஒரு மாத்தயா, சிங்கள ஐயா. அவரு சிங்களத்துல சவந்தரா சவந்தரான்னு சொன்னாரு. நான் தோட்டத்துல ரோட்டோரமாப் பாத்துப் பழகின புல்லுதான். ஆனா அந்த மாத்தயா எதுக்காக எங்க வீட்டுக்கு வந்தாருங்கிறதச் சொல்லாம புல்லப் பத்தி மட்டும் சொன்னா, நான் பெரிய யோக்கியன்னு நெனச்சிருவீங்க.

இரத்தோட்டைக்கு மேல தோட்டத்துல இருபத்திரெண்டு வருஷம் நான் கான் வெட்டுற வேலை பாத்தவன். தேயிலை மலையில தண்ணி போறதுக்கு வெட்டுற வாய்க்காலத்தான் நாங்க கான்னு சொல்லுவோம். கான நேரா கீழ இறக்கி வெட்டினா மழைத்தண்ணி மலையையே உரிச்சிக்கிட்டுப் போயிரும். மட்டமா வெட்டினா தண்ணி நகராது, தேங்கி நின்னு கரைய உடைக்கும். கொஞ்சம் சாய்ச்சு வெட்டணும். எவ்வளவு சாய்க்கணும்ங்கிறதுதான் வேலையே. எனக்கு அளவுகோல் வேணாம், மட்டம் பாக்கிற தண்ணிக் குழாய் வேணாம். மண்ணப் பாத்தாலே தண்ணி எந்தப் பக்கம் போகும், எங்க போயி நிக்கும்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல. இத நீங்க நல்லா ஞாபகம் வச்சிக்கணும், அவ்வளவுதான்.

அப்பா தோட்டத்த விட்டு விலகினப்போ கெடச்ச காசுல அரை ஏக்கர் மலைக்காணி வாங்கினாரு. அப்பா போன பிறகு அத நானும் அண்ணனும் பிரிச்சோம். கீழ ரோட்டோரமா ரெண்டு வீடு, பக்கத்துப் பக்கத்துல. வீடுகளுக்குப் பின்னால ஏத்தமான மலை. எல்லை மட்டும் நேரா மேல போகல. அளக்க வந்தவரு மேல ஒரு கல்லையும் கீழ ஒரு கல்லையும் பிடிச்சு, கோணலா ஒரு கோடு இழுத்துட்டுப் போயிட்டாரு. அதனால அண்ணனோட பங்கு கோட்டுக்கு மேல் பக்கம், என்னோடது கீழ்ப் பக்கம். மழை பேஞ்சா அவன் காணித் தண்ணி முழுக்க என் காணிக்குள்ள இறங்கி, என் வீட்டுப் பின்வாசல் வழியா வந்து முன்வாசல் வழியாப் போகும். எங்க ரெண்டு பேருக்கும் நடந்த சண்டை எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். தண்ணி யாரு வீட்டுக்குப் போறதுங்கிறதுக்கு.

பொய் சொல்லக்கூடாது, அதுக்கு முந்தியும் அடிச்சிக்கிட்டவங்கதான். தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்த காலத்துல அவன் தேயிலைச் செடி நறுக்குற கவ்வாத்துக் கத்திப் பிடியால என் முன்பல்லு ரெண்ட எடுத்தான். நான் கல்லால அவன் மண்டையத் தொறந்தேன். லயத்துச் சனம் வேலை விட்டு வந்து, தேத்தண்ணியக் கையில வச்சிக்கிட்டு எங்களப் பாத்துக்கிட்டு நிக்கும். விலக்குறதுக்கு ஒருத்தனும் வர மாட்டான். அண்ணி கல்யாணமாகி வந்த பிறகுதான் நடுவுல வந்து நிக்க ஒரு ஆளு கெடச்சுது. அந்த மனுஷி எத்தன அடி வாங்கியிருக்கும், எண்ணிச் சொல்ல முடியாது. அவனுக்குன்னு ஓங்கினது அவங்க மேல விழும், எனக்குன்னு ஓங்கினதும் அவங்க மேலதான் விழும். மறுநாளு காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி கொழம்புச் சட்டியோட என் வாசல்ல வந்து நிப்பாங்க. என் சம்சாரம் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு நான் உருப்படியாச் சாப்பிட்டதே அவங்க கையாலதான். அவங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க.

அண்ணன் மலைய மொட்டையாச் செரைச்சு போஞ்சி, அதான் பீன்ஸ், போட்டான். மிளகுக் கொடி, மரம், புல்லு எல்லாத்தையும் வெட்டி எரிச்சான். அந்த வருஷ மழைக்கு என் வீட்டுக்குள்ள சிவப்புத் தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்து நின்னுச்சு. பாயி, அரிசி, சம்சாரம் அனுப்பின கம்பளி எல்லாம் போச்சு. நான் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மேல ஏறினேன். உன் காணியில ஒரு கான் வெட்டித் தண்ணிய ரோட்டுக்கு விடு, இல்லாட்டி நான் வெட்டுறேன்னு சொன்னேன். தண்ணி கடவுள் விட்ட வழியில போகுது, உனக்கென்னடா வந்துச்சுன்னு அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் என்னால தாங்க முடியல. மம்பட்டிப் பிடியால அவன் தோள்ப்பட்டையில ஒரே அடி. உள்ளுக்குள்ள எலும்பு நொறுங்குன சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவன் விழுந்தவன் விழுந்தபடியே என் கால இழுத்துக் கீழ போட்டு, என் காதக் கடிச்சான். ரெண்டு பேரும் சேத்துக்குள்ள உருண்டு அவன் போஞ்சிக் கம்பெல்லாம் முறிச்சோம்.

பொலிஸ் வந்துச்சு, ஊர்த் தலைவர் விதானை வந்தாரு, அப்புறம்தான் அந்த மாத்தயா வந்தாரு. நல்ல மனுஷன், சின்ன வயசு. மலைய ஏறிப் பாத்துட்டு இதுக்கு மருந்து வெட்டிவேர்தான்னாரு. மூணு வரிசை நடணும். தண்டுக்குத் தண்டு ஒரு சாண் கூட இடைவெளி இருக்கக் கூடாது. நெருக்கி நட்டா ரெண்டு வருஷத்துல சுவரு மாதிரி ஆயிரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டா, வெட்ட வெட்டப் பக்கத்துல வெடிச்சுத் தூரு கட்டும். வெட்டின தழைய வரிசைக்கு மேல் பக்கமாப் போட்டு வைக்கணும். மலைத்தண்ணி வரிசையில முட்டி, மண்ண விட்டுட்டு, மெல்ல வடிஞ்சு கீழ போகும். எல்லாம் சொல்லிட்டு ஒரு விஷயத்த ரெண்டு தடவ, மூணு தடவ சொன்னாரு. வரிசை மட்டமா இருக்கணும். மலைக்குக் குறுக்க, ஒரு காணியில தொடங்கி அடுத்த காணியில முடியணும். எல்லையப் பாத்து நடக்கூடாது, மட்டத்தப் பாத்து நடணும்னாரு.

மட்டம்ங்கிற சொல்லக் கேட்டதும் அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துருச்சு. யாரு யாருக்கு மட்டம், அவன் நடுற புல்லு என் காணிக்குள்ள ஒரு தழை வந்தாலும் அவனையும் வெட்டுவேன், புல்லையும் வெட்டுவேன்னு அந்த மாத்தயா முன்னாலயே கத்தினான். மாத்தயா பயந்து போயி ரெண்டு அடி பின்னால வச்சாரு. சரி, உன் காணியே எனக்கு வேணாம், நான் எல்லையில நட்டுக்கிறேன்னேன். எல்லை சாய்வா வருதே, அதுல நட்டாப் பிரயோசனம் இல்லையேன்னாரு மாத்தயா. 

எனக்குத் தெரியும். அவரு சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். சாய்ஞ்ச கோட்டுல நெருக்கி ஒரு புல்லு வேலி நின்னா, மேல இருந்து வர்ற தண்ணி அதத் தாண்டாது. வேலியோரமாவே நடந்து நடந்து கோடு முடியுற இடத்துக்குப் போகும். கோடு முடியுற இடம் அண்ணன் வீட்டு அடுப்படி மூலை.

தோட்டத்து ரோட்டோரத்துல இருந்து தூரு தூராக் கொண்டு வந்தேன். மேல சொன்ன மாதிரி அடிச்சேன், பொளந்தேன், வெட்டினேன். ஆயிரத்துக்கு மேல நாத்து. தழை விளிம்பு பட்டு ரெண்டு கையும் கீறல். கயித்த இழுத்துக் கட்டி, மேல் கல்லுல இருந்து கீழ்க் கல்லு வரைக்கும் நட்டேன். கடைசி பத்தடியில மட்டும் ரெட்டை வரிசை வச்சேன். என் சுவருக்குப் பாதுகாப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பத்தடி இல்லாட்டித் தண்ணி ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து வழியா ரோட்டுக்கு ஓடியிருக்கும். ரெட்டை வரிசை அந்தச் சந்த அடைச்சுருச்சு.

ஒரு மாசம் கழிச்சு அண்ணன் நாப்பது தூரப் பிடுங்கி என் வாசல்ல கொண்டு வந்து கொட்டினான். அப்போ எங்கிட்ட இருந்தது புல்லு வெட்டுற கத்தி. கீறலாம்னுதான் வீசினேன்னு இன்னைக்கும் சொல்லிக்கிறேன், ஆனா வீசுறப்போ அப்படி ஒண்ணும் நெனக்கல. அவன் முழங்கைக்குக் கீழ தோலு ரெண்டாத் தொறந்து உள்ள வெள்ளையாத் தெரிஞ்சுது. அப்புறம்தான் ரத்தம் வந்துச்சு. அவன் அந்தக் கையாலயே என் கழுத்தப் பிடிச்சு நெரிச்சான். என் கண்ணு இருட்டிக்கிட்டு வந்த நேரம் அண்ணி கொதிக்கிற சோத்துத் தண்ணிய எங்க ரெண்டு பேரு காலடியிலயும் ஊத்தினாங்க. அதுல விலகினோம். ஆஸ்பத்திரியில போயி, புல்லு வெட்டுறப்போ கை தவறிருச்சுன்னு ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னோம். அந்த ஒரு விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள நல்ல ஒத்துமை.

நாப்பதையும் திரும்ப நட்டேன். அவனும் அதுக்கப்புறம் கை வைக்கல. போஞ்சிக்கு விலை இல்லாமப் போனதுல அவன் மேல் காணிப் பக்கம் வர்றதையே விட்டுட்டான். வெட்டிவேர் பிடிச்சுது. மொத வருஷம் இடுப்பளவு, ரெண்டாம் வருஷம் தோளளவு. வெட்டி வெட்டி விட்டேன். மூணாவது வருஷம் ஒரு கோழி கூட உள்ள நுழைய முடியாத அளவுக்கு அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த வருஷ மழைக்கு என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல. நான் ஜம்முன்னு காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, பக்கத்து வீட்டுல அண்ணி தண்ணியக் கூட்டித் தள்ளுற சத்தத்தக் கேட்டேன். சந்தோஷமா இருந்துச்சு. வேற எப்படிச் சொல்றது, சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அடுத்த நாளும் கொழம்பு வந்துச்சு. தம்பி, இப்போ எங்க பக்கம் ரொம்பத் தண்ணி வருதே, என்ன செய்யலாம்னு அண்ணி கேட்டாங்க. அண்ணன்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டுக் கொழம்ப மட்டும் வாங்கிக்கிட்டேன்.

அதுக்கடுத்த வருஷம் அந்த மழை வந்துச்சு. மூணு நாளா விடல. மாத்தளைக்கு பஸ் இல்ல, கரண்ட் இல்ல. மூணாம் நாளு பகல் ரெண்டு மணி இருக்கும். அண்ணன் மண்ணெண்ணெய் தேடி இரத்தோட்டைக்கு நடந்து போயிருந்தான். நான் பின்வாசல்ல நின்னு வேலியப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதோரமா முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி ஓடுது. ஒரு இடத்துல கூட உடைக்கல, ஒரு இடத்துல கூடத் தேங்கல. நான் வெட்டின எந்தக் கான்லயும் தண்ணி அவ்வளவு ஒழுங்காப் போனதில்ல. அண்ணி தலையில ஒரு உரச்சாக்கப் போட்டுக்கிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தாங்க.

"தம்பி, அடுப்படிக்குப் பின்னால மண்ணு ஊறிப் போயிருக்கு. நீங்க வந்து ஒரு கான் வெட்டி விட்டீங்கன்னா போதும்."

"உங்க புருஷன் வரட்டும், அவரு வெட்டுவாரு," ன்னேன்.

 அவங்க உரச்சாக்கத் தலையில இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போனாங்க. அவங்க உள்ள போனது அடுப்படியில இருந்த கால் சட்டி சோத்தத் தண்ணி படாம எடுத்து வைக்கத்தான்னு, பிறகு மண்ணுக்குள்ள சட்டியப் பாத்தப்போ தெரிஞ்சுது. எனக்கு ஒரு பத்து நிமிஷ வேலை அது. ரெண்டு தூரத் தோண்டிப் போட்டு, சந்துப் பக்கம் ஒரு முழம் வாய் தொறந்து விட்டா முடிஞ்சுது. மம்பட்டி என் கைக்கு எட்டுற தூரத்துல, சுவத்துல சாத்தி இருந்துச்சு.

சத்தம் பெரிசா வரல. யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒண்ணு, அப்புறம் தகரம் மடங்குற சத்தம். பாத்தா அடுப்படி இல்ல. அடுப்படி இருந்த இடத்துல சிவப்பு மண்ணு, அதுக்கு மேல ஒரு பழைய போஞ்சிக் கம்பு நட்டுக்க நிக்குது.

ஓடினேன். மம்பட்டியால ரெண்டு வெட்டு வெட்டினதும் பயம் வந்துருச்சு, அடுத்த வெட்டு அவங்க மேல விழுந்துருமோன்னு. தூக்கி எறிஞ்சுட்டுக் கையால தோண்டினேன். நகமெல்லாம் பிஞ்சு போச்சு. தகரத்த இழுத்தா அது உள்ளங்கையக் கிழிக்குது. தோண்டத் தோண்ட மேல இருந்து கூழு கூழா இறங்குது. அண்ணின்னு கத்துறேன், வாய்க்குள்ள மண்ணு போகுது. பின்னால அண்ணன் வந்துட்டான். என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டு அவன் தோண்டினான், அவன நெருக்கிக்கிட்டு நான் தோண்டினேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல முட்டி போட்டு ஒரு வேலை செஞ்சது எங்க ஆயுசுல அது ஒண்ணுதான். மொதல்ல கை கெடச்சுது, வளையலோட. இழுக்காதடா, இழுக்காதடான்னு அவன் அழுதான். தலைப்பக்கம் வெளிய வந்தப்போ மூக்கு, வாய், கண்ணு எல்லாம் மண்ணு அடைச்சு, முகமே மண்ணாலப் பிடிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. அண்ணன் தன் நாக்கால அவங்க கண்ணுல இருந்த மண்ண எடுத்தான். உயிர் போயி ரொம்ப நேரம் ஆகியிருந்துச்சு.

பதினாறு முடிஞ்ச பிறகு அந்த மாத்தயா மறுபடி வந்தாரு. கூடப் பத்துப் பதினைஞ்சு பேரு, மத்த கிராமத்துச் சனம், ரெண்டு பேரு கெமராவோட. அண்ணன் மொட்டை போட்ட தலையோட தன் வீட்டு முன் படியில உக்காந்திருந்தான். மாத்தயா எல்லாரையும் என் பக்கம் கூட்டிக்கிட்டு வந்து வேலியக் காட்டினாரு.

"பாருங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் மலையே இறங்கியிருக்கு. இந்தப் பக்கம் ஒரு கூடை மண்ணு கூட நகரல. இவரு ஒழுங்கா நட்டாரு, இவரு வீடு நிக்குது."

எல்லாரும் தலைய ஆட்டினாங்க. ஒருத்தரு நாத்து கெடைக்குமான்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் மாத்தயாவோட கையப் பிடிச்சு, இல்ல மாத்தயா, இது மட்டமா நட்டது இல்ல, நீங்க சொன்ன மாதிரி நான் செய்யல, தண்ணிய அந்த மூலைக்குக் கொண்டு போனதே இந்த வேலிதான்னு சிங்களத்துல சொன்னேன். கடைசிப் பத்தடியையும் காட்டினேன். அவரு என் தோளத் தட்டினாரு. சொந்தத்துல சாவு விழுந்தா எல்லாரும் இப்படித்தான் தன் மேல பழியப் போட்டுக்குவாங்க, அந்த மழைக்கு மனுஷன் என்ன செய்ய முடியும்னு ஆறுதல் சொல்லிட்டு, கீழ வேனுக்கு நடந்து போயிட்டாரு.

அவங்க போனதும் அண்ணன் எழும்பி வந்தான். என்கிட்ட வரல. நேரா மேல் கல்லுக்கு ஏறிப் போனான். அங்க இருந்து வேலியோரமா, தண்ணி வந்த வழியிலயே, ஒவ்வொரு அடியா இறங்கி வந்தான். ரெட்டை வரிசை தொடங்குற இடத்துல நின்னு குனிஞ்சு, கையால விலக்கிப் பாத்தான். சந்தப் பாத்தான். அடுப்படி இருந்த இடத்தப் பாத்தான். அப்புறம் என் முன்னால வந்து நின்னான்.

"தோட்டத்துலயே உன்ன மாதிரி கான் வெட்டுறவன் இல்லடா," ன்னான்.

குரல் கூட உயரல.  வாங்கிக்கிறதுக்குத் தயாரா நின்னேன். மண்டைய உடைக்கட்டும், கழுத்த நெரிக்கட்டும், கையில எது கெடைக்குதோ அதால அடிக்கட்டும், ஒரு கையக் கூட நான் தூக்க மாட்டேன்னு நின்னேன். இத்தன வருஷத்துல அவன்கிட்ட அடி வாங்குறதுக்கு நான் ஆசைப்பட்டது அந்த ஒரு நாளுதான். அவன் அசையல.

"அண்ணே, என்னை அடி," ன்னு கெஞ்சினேன்.

அவன் கையில ஒட்டியிருந்த புல்லுத் தழைய வேட்டியில தொடைச்சிக்கிட்டு, என்னைச் சுத்திக்கிட்டுப் போயி, வீட்டுக்குள்ள நுழைஞ்சு கதவச் சாத்தினான். உள்ள தாப்பாள் போடுற சத்தமும் கேட்டுச்சு.